80-ஆம் வாசலில் யார்?

இளையோர் கணினிப் பாடம்



இந்த மாதப் பாடம் பார்ப்பதற்குச் சின்ன விஷயம்தான். வெப் சர்வரை ஸ்டார்ட் பண்ணுகிறோம். ஆக மாட்டேன் என்கிறது. அது உட்கார வேண்டிய போர்ட்டில் வேறு ஏதோ ஒன்று முன்பே உட்கார்ந்திருக்கிறது. கண்டுபிடிக்கத் தெரிந்தால் ஐந்து நிமிட வேலை. தெரியாமல் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை ஈப்போவில் எங்கள் கிளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கற்றுக்கொண்டது. அந்தச் சம்பவத்தை வைத்தே பாடத்தைச் சொல்கிறேன்.

நடந்தது இதுதான்

பேராக்கில் நம்மில் பலருடைய தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். மலாயாவின் முதல் ரப்பர் கன்றுகளில் சில 1877-ல் நடப்பட்டதே நம் கோலகங்சாரில்தான். பிறகு தோட்டங்கள் கைமாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள் புந்தோங், சுங்கை சிப்புட், கம்பார் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

அப்படிக் கலைந்துபோன ஒரு தோட்டத்துக் குடும்பங்களை ஒரு நாள் கோயில் மண்டபத்தில் கூட்டினோம். எந்த லயத்தில் யார் இருந்தார்கள், தோட்டத்துக் கோயிலில் யார் பூசை செய்தார்கள், பழைய படத்தில் நிற்பவர் யார் என்பதையெல்லாம் வந்தவர்களே பார்த்துத் திருத்தும்படி ஒரு சின்ன இணையத்தளம் தயார் செய்தோம். மண்டபத்தில் லைன் சரியாக இருக்காது. அதனால் இணையத்துக்கே போகாமல், கிளையின் லேப்டாப்பிலேயே எக்ஸாம்ப் வைத்து சர்வர் ஓட்டுவது என்று முடிவு. ஒரு சின்ன ரவுட்டர் இருந்தால் போதும். எல்லாருடைய கைப்பேசியும் அந்த லேப்டாப்பைப் பார்க்கும். முகவரியை கியூஆர் குறியாக அச்சடித்துத் தூண்தோறும் ஒட்டியாகிவிட்டது.

தளத்தை ஒரு தம்பி தன் சொந்தக் கணினியில் செய்து, முந்தின நாள் இரவு கிளை லேப்டாப்பில் காப்பி பண்ணினான். ஓட்டிப் பார்க்கவில்லை. காலை எட்டரைக்கு அப்பாச்சிக்கு நேராக உள்ள ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினான். இரண்டு விநாடி பச்சை, பிறகு சிவப்பு எழுத்து. மைசீக்வலும் அப்படியே.

"அக்கா, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது!"

பக்கத்தில் இருந்த தங்கை பிரவுசரைத் திறந்து லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டினாள். ஒரு பக்கம் வந்தது. "இல்லையே, ஓடுதே?" என்றாள். ஆனால் அது நாங்கள் செய்த பக்கம் இல்லை.

"பழைய எக்ஸாம்ப் ஏதோ கிடக்குதுக்கா. அன்இன்ஸ்டால் பண்ணிடவா?" என்றான் தம்பி. விரல் மௌஸில் இருந்தது.

"இரு தம்பி. யாருன்னு கேட்டுட்டு அப்புறம் பண்ணலாம்."

இந்த ஒரு வரிதான் இன்றையப் பாடம். மற்றதெல்லாம் அதைச் செய்யும் முறை.

போர்ட் என்றால் என்ன?

தோட்டத்துக்கு வரும் கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பெயர் இருந்தால் கடிதம் தோட்டம் வரைக்கும் வந்துவிடும். உள்ளே எந்த வீட்டுக்கு என்று தெரிய லயத்து வீட்டு எண் வேண்டும். ஐபி முகவரி என்பது தோட்டத்தின் பெயர். போர்ட் என்பது வீட்டு எண்.

ஒரு கணினியில் இந்த எண்கள் 0 முதல் 65,535 வரை உண்டு. 1,023 வரை உள்ளவை பொதுப் பணிகளுக்கு ஒதுக்கப்பட்டவை. சாதாரண வெப் பக்கத்துக்கு 80. பூட்டுப் போட்ட பாதுகாப்பான பக்கத்துக்கு 443. மைசீக்வல் தரவுத்தளம் வழக்கமாக 3306-ல் இருக்கும். பிரவுசரில் நாம் எண் எதுவும் தட்டாவிட்டால் எச்டிடிபி முகவரிக்கு 80 என்றும், எச்டிடிபிஎஸ் முகவரிக்கு 443 என்றும் அதுவே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் இத்தனை காலம் இந்த எண்ணை நாம் கவனிக்காமலே இருந்துவிட்டோம்.

ஒரே முகவரியில் ஒரே எண்ணில் இரண்டு சர்வர் காத்திருக்க, கணினி பொதுவாக விடாது. யார் முதலில் வந்தார்களோ அவர்களுக்குத்தான் இடம். பின்னால் வந்தது "இடம் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்ற பிழையோடு நின்றுவிடும். இதைத்தான் போர்ட் மோதல் என்கிறோம்.

இந்த எண்கள் வானத்திலிருந்து வரவில்லை. இணையத்தின் தொடக்க காலத்தில் ஜான் போஸ்டல் என்ற அமெரிக்கர் எந்த எண் எந்தப் பணிக்கு என்று பட்டியல் வைத்துப் பராமரித்தார். 1995-ல் பின்லாந்தின் டாட்டு யுலோனன் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு முறையை உருவாக்கியபோது, 21-க்கும் 23-க்கும் நடுவில் 22 காலியாக இருப்பதைக் கண்டார். காலி என்று தெரிந்தும் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. பட்டியல் வைத்திருந்தவர்களுக்கு எழுதிக் கேட்டார். கொடுத்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க எஸ்எஸ்எச் 22-ல்தான் ஓடுகிறது. உட்காருமுன் கேட்பது அன்றிலிருந்தே இந்தத் துறையின் வழக்கம்.

முதல் படி: பிழையைப் படியுங்கள்

சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் பலர் மறுபடி மறுபடி ஸ்டார்ட் அழுத்துவார்கள். பயன் இல்லை. படியுங்கள். எக்ஸாம்ப் பலகையே சில நேரம் "80-ஆம் போர்ட்டை இன்னார் பிடித்திருக்கிறார்" என்று சொல்லிவிடும். சொல்லாவிட்டால், கட்டளைச் சாளரத்தைத் திறந்து அப்பாச்சியின் பின் கோப்புறைக்குப் போய், எச்டிடிபிடி என்ற கோப்பை நேராக ஓட்டுங்கள். உண்மைக் காரணம் திரையில் வரும். அதில் உள்ள எண்ணைப் பாருங்கள்.

விண்டோசில் 10048 என்றால் போர்ட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். லினக்சில் இதே பிழைக்கு எண் 98. மேக்கில் 48.

விண்டோசில் 10013 என்றாலோ லினக்சில் 13 என்றாலோ "உனக்கு அனுமதி இல்லை" என்று பொருள். லினக்சில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டை எடுக்க வழக்கமாக நிர்வாகி உரிமை வேண்டும். அது இல்லாமல் ஓட்டினால் இந்தப் பிழை வரும். விண்டோசில், கணினியின் உள்பகுதியே அந்தப் போர்ட்டைத் தனக்கென்று பிடித்து வைத்திருந்தாலும் 10013 வருவதுண்டு.

எண்ணே வராமல் ஏதோ ஒரு கோப்பின் பெயரும் வரி எண்ணும் வந்தால், அது போர்ட் சண்டை இல்லை. அமைப்புக் கோப்பில் எழுத்துப் பிழை. எச்டிடிபிடி என்று தட்டி, இடைவெளி விட்டு, ஒரு கோடும் டி எழுத்தும் சேர்த்தால் அப்பாச்சியே கோப்பைப் படித்துப் பார்த்துத் தவறு எங்கே என்று சொல்லும். நோய் தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது.

இரண்டாம் படி: பெரட்டு எடுங்கள்

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்ப்பார்கள் என்று பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். கணினியிலும் அப்படி ஒரு பெரட்டு உண்டு. (கட்டளைகளை வகுப்பில் சொல்வது போல ஒலிப்படியே தருகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில், இடைவெளி தவறாமல் தட்டுங்கள்.)

விண்டோஸ்: கட்டளைச் சாளரத்தை நிர்வாகியாகத் திறந்து, நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ என்று தட்டுங்கள். ஏ என்றால் எல்லாரையும் காட்டு. என் என்றால் பெயர் வேண்டாம், எண்ணாகக் காட்டு. ஓ என்றால் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் யார் என்று சேர்த்துக் காட்டு.

நீண்ட பட்டியல் வரும். பயப்பட வேண்டாம். இரண்டாவது பத்தியில், அதாவது நம் கணினியின் முகவரி இருக்கும் இடத்தில், கடைசியில் சரியாக :80 என்று முடியும் வரியைத் தேடுங்கள். அந்த வரியின் நிலை லிசனிங் என்று இருக்க வேண்டும். வரியின் கடைசியில் உள்ள எண்தான் பிஐடி, அதாவது அந்த நிரலின் அடையாள எண்.

இங்கே மூன்று இடத்தில் ஏமாறுவோம். ஒன்று, 8080, 8000 என்பவையும் 80 என்றே தொடங்குவதால் கண் தடுமாறும். இரண்டு, மூன்றாவது பத்தியில் :80 இருந்தால் அது நம் பிரவுசர் வெளியே உள்ள ஏதோ தளத்தோடு பேசுவது. அதற்கும் மோதலுக்கும் சம்பந்தமில்லை. மூன்று, பழைய ஐபி முறைக்கு ஒரு வரி, புதிய ஐபி முறைக்கு ஒரு வரி என்று ஒரே பிஐடி இரண்டு முறை வரலாம். ஆள் ஒருவர்தான்.

லினக்ஸ்: சூடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி. காத்திருக்கும் போர்ட்டுகளையும் அவற்றின் நிரல் பெயரையும் ஒன்றாகக் காட்டும்.

மேக்: சூடோ எல்எஸ்ஓஎஃப் -ஐ :80. இதிலும் லிசன் என்று இருக்கும் வரியைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: பெயரும் ஊரும் கேளுங்கள்

பிஐடி கிடைத்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டீடெய்ல்ஸ் பக்கத்தில் அந்த எண்ணைத் தேடுங்கள். நிரலின் பெயர் தெரியும். அதோடு நிற்காதீர்கள். ரைட் கிளிக் செய்து, கோப்பு இருக்கும் இடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பெயரை விட ஊர் முக்கியம்.

எங்கள் லேப்டாப்பில் வந்த பெயர் எச்டிடிபிடி. அதாவது அப்பாச்சியேதான்! "நம்ம சர்வரே நம்மளத் தடுக்குதா?" என்றான் தம்பி. இடத்தைத் திறந்து பார்த்தால் வேறு கோப்புறை, முந்தின வருடத் தேதி. 3306-லும் இதே கதை. கணினி திறந்ததுமே தானாக எழும்பும் சர்வீசாக யாரோ இரண்டையும் பதிவு செய்து வைத்திருந்தார்கள்.

பிஐடி 4, பெயர் சிஸ்டம் என்று வந்தால் குழம்ப வேண்டாம். விண்டோசின் உள்பகுதி வேறொரு சர்வீசுக்காக வாசலில் நிற்கிறது என்று பொருள். பெரும்பாலும் விண்டோசோடு வரும் வெப் சர்வரான ஐஐஎஸ் ஓடிக்கொண்டிருக்கும். சர்வீசஸ் பட்டியலில் வேர்ல்ட் வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ் என்ற பெயரில் இருக்கும். பிஐடி 4-ஐக் கொல்லப் பார்க்காதீர்கள். அது கணினியின் உயிர்.

லினக்சில் அதிகமாக நடப்பது அப்பாச்சியும் என்ஜின்எக்சும் ஒரே பெட்டியில் 80-க்குப் போட்டி போடுவது. இன்னொன்றும் உண்டு. அமைப்புக் கோப்புகளில் லிசன் 80 என்ற வரி இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருந்தால் அப்பாச்சி தன்னோடு தானே மோதிக்கொண்டு நிற்கும். பெரட்டில் வேறு யாரும் இல்லை, ஆனாலும் பிழை வருகிறது என்றால் அங்கே பாருங்கள்.

நான்காம் படி: என்ன செய்வது?

யார் என்று தெரிந்த பிறகுதான் முடிவு. வழி மூன்று.

ஒன்று: நாம் இடம் மாறுவது. இருப்பவர் தேவையானவர் என்றால், அல்லது கணினி நம்முடையது இல்லை என்றால், இதுதான் நாகரிகம். எச்டிடிபிடி.காண்ஃப் கோப்பில் லிசன் 80 என்பதை லிசன் 8080 என்றும், சர்வர்நேம் வரியில் உள்ள 80-ஐ 8080 என்றும் மாற்றிச் சேமியுங்கள். 443-லும் மோதல் இருந்தால் எச்டிடிபிடி-எஸ்எஸ்எல்.காண்ஃப் கோப்பிலும் அதே போல மாற்ற வேண்டும். எக்ஸாம்ப் பலகையின் போர்ட் அமைப்பில் மட்டும் மாற்றினால் போதாது. அது பலகை எங்கே பார்க்க வேண்டும் என்பதற்குத்தான். இனிமேல் முகவரியின் கடைசியில் :8080 என்று சேர்த்துத் தட்ட வேண்டும். வேறு கைப்பேசிகள் வர வேண்டுமானால் ஃபயர்வாலிலும் அந்தப் போர்ட்டைத் திறக்க வேண்டும். மாற்றியதை மற்றவர்களுக்குச் சொல்லாவிட்டால் நாளைக்கு அவர்கள் தேடி அலைவார்கள்.

இரண்டு: இருப்பவரை முறையாக நிறுத்துவது. விண்டோசில் சர்வீசஸ் பட்டியலில் போய் ஸ்டாப். லினக்சில் சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப். அடுத்த முறை தானாக எழும்பாமல் இருக்க, விண்டோசில் தொடக்க முறையை மேனுவல் ஆக்குங்கள். லினக்சில் டிசேபிள். டாஸ்க்கில் /எஃப் போட்டு வெட்டுவது கடைசி வழி. சர்வீசாக இருந்தால் வெட்டினாலும் அது மறுபடி எழும்பலாம். தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும்போது வெட்டினால் தரவு கெட்டுப்போகலாம்.

மூன்று: ஒரே சர்வரில் சேர்ந்து வாழ்வது. அப்பாச்சியில் விர்ச்சுவல் ஹோஸ்ட் என்ற வசதி உண்டு. ஒரே 80-ஆம் வாசலில் ஒரே சர்வர் நிற்கும். எந்தப் பெயரைக் கேட்டு வருகிறார்களோ அந்தத் தளத்தை எடுத்துக் கொடுக்கும். ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் இருந்தாலும் கடிதத்தில் உள்ள பெயரைப் பார்த்துப் பிரிப்பது போல. இரண்டு தளமும் நம்முடையது என்றால் இதுவே நல்ல வழி.

நாங்கள் எடுத்த முடிவு

முதலில், போன வருடப் பொறுப்பாளரைக் கூப்பிட்டோம். அந்தத் தம்பி இப்போது ஜொகூரில் வேலை செய்கிறான். விஷயத்தைச் சொன்னதும் பதறிவிட்டான். "அக்கா, அதைத் தொட்றாதீங்க! பாட்டிங்க வீடு வீடாப் போய் நாங்க எழுதின பேரெல்லாம் அதுலதான் இருக்கு. வேற எங்கயும் காப்பி இல்ல."

நூறு குடும்பத்துக்கு மேல். சொன்னவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. அன்இன்ஸ்டால் அழுத்தியிருந்தால் அவ்வளவும் போயிருக்கும். மண்டபத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவும் மாட்டாது. "சர்வர் ஓடிடுச்சு" என்று கை தட்டியிருப்போம்.

பழைய சர்வர் ஓடிக்கொண்டிருந்ததே நல்லதாயிற்று. அதன் வழியாகவே பிஎச்பிமைஅட்மினைத் திறந்து முழுத் தரவையும் எக்ஸ்போர்ட் செய்து, பென் டிரைவில் ஒன்று, ஒரு தங்கையின் கணினியில் ஒன்று என்று இரண்டு காப்பி எடுத்தோம். கோப்பைத் திறந்து பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டோம். பிறகுதான் அடுத்த பேச்சு.

போர்ட்டை மாற்றலாமா என்று யோசித்தோம். ஆனால் தூண்தோறும் ஒட்டிய கியூஆர் குறியில் எண் இல்லை. அதாவது எல்லாரும் 80-க்குத்தான் வருவார்கள். அதனால் இரண்டாம் வழி. பழைய அப்பாச்சி, பழைய மைசீக்வல் இரண்டையும் சர்வீசஸ் பட்டியலில் நிறுத்தி, மேனுவல் ஆக்கி, பெரட்டு மறுபடி எடுத்து 80-உம் 3306-உம் காலி என்று உறுதி செய்து, புதியதை ஸ்டார்ட் செய்தோம். பச்சை. பிறகு பழைய பெயர்களைப் புதிய தளத்தில் ஏற்றினோம். நிகழ்ச்சி இருபது நிமிடம் தாமதம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, மண்டபத்தில் பழைய கதை பேசவே நேரம் போதவில்லை.

மதியம் ஒரு பாட்டி பேத்தியின் கைப்பேசியில் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு பெயரில் விரலை வைத்தபடி நின்றுவிட்டார். அவருடைய அம்மா பெயர், லயத்து எண்ணோடு. போன வருடம் யாரோ பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி எழுதியது. அந்தப் பெயர் ஒரு பொத்தான் தூரத்தில் காணாமல் போக இருந்தது என்று பாட்டியிடம் நாங்கள் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

யாருடைய தவறு?

தம்பியுடையது இல்லை. பழைய பொறுப்பாளருடையதும் இல்லை. பொறுப்பு கைமாறியபோது லேப்டாப்பில் என்ன ஓடுகிறது, தரவு எங்கே இருக்கிறது என்று எழுதி வாங்க வேண்டியவள் நான். வாங்கவில்லை. இப்போது அந்த லேப்டாப்பின் மூடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: எந்தப் போர்ட்டில் எது, எந்தக் கோப்புறை, காப்பி யாரிடம், கடைசியாகப் பார்த்த தேதி.

திருக்குறளில் 47-ஆம் அதிகாரத்தின் பெயர் தெரிந்துசெயல்வகை. ஒரு காரியத்தில் இறங்குமுன் ஆராய வேண்டியதை அந்த அதிகாரம் முழுக்கப் பேசுகிறது. கணினி முன்னால் உட்காரும்போதும் அது பொருந்தும். நம் பெரியவர்களில் பலர் "நீ யார், எத்தனை வருடமாக இங்கே இருக்கிறாய்" என்று யாரும் கேட்காமலே வீட்டைக் காலி செய்தவர்கள். அவர்கள் பிள்ளைகளான நாம், ஒரு நிரலை வெளியே அனுப்பும்போதாவது முதலில் யார் என்று கேட்போம்.

நினைவில் வைக்க

1. பிழையைப் படி. 10048, 98, 48 என்றால் இடம் பிடிபட்டிருக்கிறது. 10013, 13 என்றால் அனுமதிச் சிக்கல்.
2. பெரட்டு எடு. லிசனிங் வரியும் பிஐடியும் முக்கியம்.
3. நிரலின் பெயரோடு அது இருக்கும் கோப்புறையையும் பார்.
4. அதற்குள் தரவு இருந்தால் முதலில் காப்பி எடு, திறந்து சரிபார்.
5. இடம் மாறு, முறையாக நிறுத்து, அல்லது சேர்ந்து வாழ். வெட்டுவது கடைசி.
6. செய்ததை எழுதி ஒட்டு.

வகுப்பில் செய்து பார்க்க

அ. எந்தப் பிரச்சினையும் இல்லாத நாளில் உங்கள் வீட்டுக் கணினியில் பெரட்டு எடுங்கள். காத்திருக்கும் போர்ட்டுகளில் ஐந்தைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் நிரலின் பெயரையும் கோப்புறையையும் எழுதுங்கள்.

ஆ. அப்பாச்சி ஓடும்போதே கட்டளைச் சாளரத்தில் அதே அப்பாச்சியை இன்னொரு முறை ஓட்டுங்கள். வரும் பிழையை எழுதி, எந்தச் சொல் எதைக் காட்டுகிறது என்று நண்பருக்கு விளக்குங்கள்.

இ. கிளைக் கணினிக்கு ஒரு போர்ட் தாள் தயாரியுங்கள். அடுத்த பொறுப்பாளர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்காமலே புரிந்துகொள்ள வேண்டும். அதுதான் அளவுகோல்.